சாமய என்னும் விண்மீன்

இலங்கையின் மேற்குக் கரையிலே, புத்தளம் மாவட்டத்தில், சிலாபம் நகரை அடுத்து விளங்குவது முன்னேஸ்வரம். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் கோயில் கொண்டுள்ள இத்தலம் ஈழத்தின் பழம்பெரும் சிவாலயங்களுள் ஒன்று. சிவன் கோயிலைச் சூழப் பிள்ளையார், ஐயனார், காளி ஆகியோரின் கோயில்களும், அவற்றோடு ஒரு பௌத்த ஆலயமும் அமைந்திருத்தல் இதன் தனிச்சிறப்பு. ஆவணியை ஒட்டி ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடைபெறும் பெருந்திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒருசேர வருவர். அத்திருவிழாக் காலத்து இரவுகளில், நள்ளிரவு நெருங்கும் வேளையிலே தென்வானத்தை நோக்குவார்க்கு, வேறு பேரொளி மீன்கள் அருகில் இல்லாத வெளியிலே தன்னந்தனியாக ஒரு விண்மீன் தோன்றும். அதன் பெயர் பொமல்ஹோட். அஃது இருக்கும் விண்மீன் கூட்டத்துக்கு வானநூலார் வழங்கிய பெயர் தென்மீன் என்பதாகும்.

பொமல்ஹோட்டுக்கு மேற்கே, நீட்டிய கையின் ஒரு சாண் அளவு தள்ளி, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு விண்மீன் உண்டு. சிறியதொரு தொலைநோக்கி இருந்தால் அதனைக் காணலாம். விண்மீன் பட்டியலில் அதற்குரிய அடையாளம் எச்.டி. 205739 என்பது. 2019 ஆம் ஆண்டிலிருந்து அதற்கு வேறொரு பெயரும் வழங்கி வருகின்றது. அப்பெயர் சாமய. அதனைச் சுற்றிவரும் கோளின் பெயர் சமகிய. இரண்டும் சிங்களச் சொற்கள். முன்னது சமாதானம் என்றும், பின்னது ஒற்றுமை என்றும் பொருள்படும். இவ்விரு பெயர்களையும் தேர்ந்து உலகுக்கு அளித்த நாடு இலங்கை.

கண்ணுக்குத் தெரியாத விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு என்பதை மாந்தர் எவ்வாறு அறிந்தனர்? அறிந்ததை எவ்வாறு மெய்ப்பித்தனர்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்துச் சென்னைப் பட்டினத்துக்குச் செல்லுதல் வேண்டும். வேற்று ஞாயிறு ஒன்றுக்குக் கோள் உண்டு என்று, அளவைகளை ஆதாரமாகக் காட்டி எழுந்த முதற் கூற்றுகளுள் ஒன்று அங்கிருந்தே எழுந்தது.

பண்டைத் தமிழர் வானத்து ஒளிகளை நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் இருவகையாகப் பகுத்தனர். தம்முள் இடம் மாறாது நிற்பன நாண்மீன்கள். அவற்றினிடையே இடம் பெயர்ந்து செல்வன கோண்மீன்கள். செவ்வாயும் வெள்ளியும் வியாழனும் சனியும் ஞாயிற்றைச் சுற்றும் உலகங்கள் என்பதும், நாண்மீன் ஒவ்வொன்றும் ஒரு ஞாயிறு என்பதும் பிற்காலத்திலே தெளிந்த உண்மைகள். இவை தெளிந்தபின் அடுத்த வினா தானே எழுந்தது. நம் ஞாயிற்றுக்குக் கோள்கள் உண்டெனில் ஏனைய ஞாயிறுகளுக்கு ஏன் இருத்தல் கூடாது? எண்ணிறந்த அண்டங்களைத் திருவாசகத்துத் திருவண்டப் பகுதி பாடுகின்றது. ஆயினும் அருளாளர் உணர்ந்து பாடுதல் வேறு. கருவி கொண்டு அளந்து மெய்ப்பித்தல் வேறு. கோள்கள் தாமே ஒளிர்வன அல்ல. தாம் சுற்றும் ஞாயிற்றின் பேரொளியிலே அவை மறைந்துவிடும். கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைப் பல காவதத்துக்கு அப்பால் நின்று காண முயல்வது போன்றது அம்முயற்சி.

சென்னையில் வானாய்வுக்கூடம் தோன்றியது 1786 ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெற்றி என்பவர் எழும்பூரிலே தமது சொந்தச் செலவில் அதனை அமைத்தார். பின்னர்க் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டு, 1792 இல் நுங்கம்பாக்கத்திலே தனிக்கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய பெருங் கருங்கற்றூணிலே தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் உண்டு. தோமஸ் கிளான்வில் டெய்லர் என்பவர் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து 1844 இல் வெளியிட்ட பட்டியல், சென்னையின் பெயரை உலகெங்கும் பரப்பியது. அக்கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867 இல் கண்டறிந்து புகழ் பெற்றார்.

டெய்லருக்குப் பின் பொறுப்பேற்றவர் கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். பம்பாய்ப் படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்த இவர், பிறப்பிலேயே நுண்ணிய நோக்கு வாய்த்தவர் போலும். சனிக்கோளின் உள்வளையம் ஒன்று, மெல்லிய துகில் போல அப்பாலுள்ளதைக் காட்டும் தன்மையது என்பதை 1852 இல் கண்டறிந்தோருள் இவரும் ஒருவர். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை அளப்பதிலே இவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. அவற்றுள் இவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒபியூக்கஸ் 70 என்னும் இரட்டை.

ஒபியூக்கஸ் என்பது பாம்பைப் பிடித்தவன் எனப் பொருள்படும் விண்மீன் கூட்டம். அதிலுள்ள இவ்விரட்டை நமக்கு மிக அண்மையது, ஏறத்தாழ 16.6 ஒளியாண்டுத் தொலைவிலே உள்ளது. ஒளி ஓராண்டிற் செல்லும் தூரமே ஓர் ஒளியாண்டு. நிலவற்ற தெளிந்த இரவிலே வெறுங்கண்ணுக்கு அது மங்கிய ஒற்றை மீனாகத் தோன்றும். தொலைநோக்கியிலே நோக்கினால் இரண்டாகப் பிரியும். அது இரட்டை என்பதை 1779 இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டார். இருமீன்களும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றி முடிக்க 88 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நோக்கினாலும் ஒரு சுற்றைக் காண்பது அரிது. முன்னோர் எழுதி வைத்த அளவைகளோடு தம் அளவைகளைச் சேர்த்தே எவரும் அதன் பாதையைக் கணித்தல் வேண்டும்.

ஜேக்கப் அவ்வாறே செய்தார். கணித்த பாதையையும், மீன்கள் உண்மையில் நின்ற இடங்களையும் ஒப்பிட்டபோது இரண்டும் முற்றும் பொருந்தவில்லை. சிறு மீன் தன் பாதையினின்றும் இப்பக்கமும் அப்பக்கமுமாகச் சிறிது விலகி விலகிச் சென்றதாக அவருக்குத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் அருகிருந்து அதனை இழுக்கின்றதோ என அவர் எண்ணினார். அவ்வெண்ணத்துக்கு அக்காலத்திலே வலுவான முன்மாதிரியும் இருந்தது. யுரேனஸ் கோளின் பாதையிற் கண்ட பிறழ்ச்சியை வைத்தே நெப்டியூன் இருக்கும் இடத்தைக் கணித்து, 1846 இல் அதனைக் கண்டறிந்திருந்தனர். 1855 இல் ஜேக்கப் தமது முடிவை லண்டன் அரச வானியற் கழகத்தின் இதழில் வெளியிட்டார். ஒபியூக்கஸ் 70 இரட்டையிலே கோள் ஒன்று இருப்பது பெரிதும் நிகழக்கூடியது என்பதே அதன் சாரம்.

ஜேக்கப் அளக்க முயன்ற அளவு எத்துணை நுண்ணியது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயம் ஒன்றை ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தால் அது எத்துணைச் சிறிதாகத் தோன்றுமோ, அத்துணையே வானநூலார் ஒரு விநாடிக் கோணம் என வழங்கும் அளவு. அவர் தேடிய விலகலோ அதனினும் சிறியது. சென்னையின் வெப்பக் காற்று அலையும். விண்மீனின் உருவம் நடுங்கும். நோக்குவோரின் கண்ணுக்குக் கண் அளவை வேறுபடும். முக்கால் நூற்றாண்டாகப் பல நாட்டவர் பல கருவிகளால் எடுத்த அளவைகளை ஒன்றாகக் கோத்தபோது, அவற்றின் பிழைகளும் ஒருங்கே கோக்கப்பட்டன.

1896 இல் அமெரிக்க வானியலாரான தோமஸ் ஜெபர்சன் ஜாக்சன் சீ அதே இரட்டையை ஆராய்ந்து, 36 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் இருண்ட துணை ஒன்று உண்டு என உரைத்தார். 1899 இல் போறெஸ்ற் றே மோல்ற்றன் என்னும் அறிஞர் அதனைக் கணக்கிட்டு மறுத்தார். அத்தகைய பாதையிலே ஒரு பொருள் நிலைத்திருத்தல் இயலாது; இரு மீன்களின் இழுவிசையால் அது தூக்கி எறியப்பட்டுவிடும் என அவர் காட்டினார். 1943 இல் வேறிருவர் புதியதொரு துணையைக் கூறினர். அதுவும் பின்னர் எடுத்த அளவைகளின் முன் நிற்கவில்லை. 1988 இல் வுல்வ்டீற்றர் ஹைன்ற்ஸ் இரட்டையின் பாதையை மறுபடியும் கணித்தபோது, விலகல் என்று எதுவும் விளக்கப்பட வேண்டியதாக இல்லை. சென்னையில் எழுந்த கோள், நூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளில் இவ்வாறு மறைந்து போயிற்று.

இதனால் ஜேக்கப்பின் உழைப்பு வீண் என்பார் அதன் பயனை அறியாதவர். அவர் கேட்ட கேள்வி சரியானது. கைக்கொண்ட வழியும் சரியானது. விண்மீனின் அசைவைக் கொண்டு கோளை அறியலாம் என்பதே அவ்வழி. கருவி மட்டுமே போதவில்லை. மேலும், தாம் கண்ட அளவைகளைப் பிறர் சோதிக்குமாறு வெளியிட்டமையாலேயே அவர் கூற்றின் பிழையும் வெளிப்பட்டது. உடல்நலம் குன்றித் தாயகம் சென்ற அவர், பூனா நகரின் அருகே மலைமீது புதிய வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவும் எண்ணத்தோடு 1862 ஆகஸ்டில் மீண்டும் இந்தியா வந்தார். வந்து சில நாட்களுக்குள் பூனாவிலே காலமானார்.

விண்மீனின் அசைவை அறிதற்குப் பின்னாளில் நுட்பமான வேறொரு முறை பிறந்தது. குழந்தையின் இரு கைகளையும் பற்றிச் சுழற்றும் தந்தை ஒருவரை நினைத்துக் கொள்க. குழந்தை பெருவட்டமிடும், தந்தையும் பின்சாய்ந்து சிறுவட்டமிடுவார். கோள் சுற்றும்போது விண்மீனும் அவ்வாறே சிறிது அசைகின்றது. அவ்வசைவினால் அது ஒருகால் நம்மை நோக்கியும், ஒருகால் நம்மை விட்டு அப்பாலும் நகர்கின்றது. புத்தளம் பாதையிலே வரும் புகைவண்டியின் ஊதல், நெருங்கும்போது உயர்ந்த சுருதியிலும் அகலும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை அறியாதார் இல்லை. ஒளியும் அத்தகையதே. நெருங்கும் மீனின் ஒளி நீலத்தின் பக்கமும், அகலும் மீனின் ஒளி சிவப்பின் பக்கமும் இம்மியளவு பெயரும். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கருவியால் அப்பெயர்ச்சியை அளந்து, மீனின் வேகத்தைக் கூறிவிடலாம். இடத்தை அளந்த ஜேக்கப்பின் வழிக்குப் பதிலாக வேகத்தை அளக்கும் வழி இது.

இம்முறையிலேயே 1995 இல் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர்களான மிஷேல் மயோரும் டிடியே கெலோவும், பெகாசஸ் 51 என்னும் ஞாயிறு போன்ற விண்மீனுக்குக் கோள் உண்டென்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினர். அதற்கு மூன்றாண்டு முன்னரே, இறந்துபோன விண்மீனின் எச்சமாகிய துடிமீன் ஒன்றைச் சுற்றும் கோள்கள் அறியப்பட்டிருந்தன. ஆயினும் ஒளிரும் ஞாயிறு ஒன்றின் கோளே உலகை வியக்க வைத்தது. 2019 ஆம் ஆண்டு நோபெல் பரிசில் அவ்விருவரும் பங்கு பெற்றனர். அறியப்பட்ட வேற்றுக் கோள்களின் தொகை 2025 இல் 6,000 ஐக் கடந்தது.

அவ்வாறு அறியப்பட்டவற்றுள் ஒன்றே சமகிய. தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள லாஸ் கம்பானாஸ் வானாய்வுக்கூடத்திலே, மகெலன் தொலைநோக்கி கொண்டு ஆய்வாளர் குழுவொன்று அதனைக் கண்டறிந்து 2008 இல் அறிவித்தது. அதன் ஞாயிறாகிய சாமய நம்மினின்றும் ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது, நம் ஞாயிற்றினும் சற்றுப் பெரியது, வெப்பமும் மிக்கது. அக்கோள் வியாழனைக் காட்டினும் நிறை மிகுந்தது. சுற்றுக்காலம் ஏறத்தாழ 280 நாள். நம் ஞாயிற்றின் குடும்பத்தில் வைத்து நோக்கினால், வெள்ளிக்கும் பூமிக்கும் இடையிலே அதன் பாதை அமையும். அது தன் ஞாயிற்றை அசைக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 40 மீற்றர். விரைந்தோடும் புகைவண்டி ஒன்றின் வேகத்தை, 300 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்து அளந்துவிட்டனர் என்க.

அளவைகளில் இன்னொன்றும் தென்பட்டது. அக்கோளினால் விளையும் அசைவை நீக்கிய பின்னரும், விண்மீனின் வேகத்திலே மெல்லியதொரு மாற்றம் எஞ்சி நின்றது. சேய்மையிலே வேறொரு துணை இருக்கலாம் என ஆய்வாளர் குறித்தனர். குறித்ததோடு நிறுத்திக்கொண்டனர், அதனைக் கோள் என்று அவர்கள் அறிவிக்கவில்லை. ஒபியூக்கஸ் 70 கற்பித்த பாடம் அவ்வடக்கத்திலே தெரிகின்றது.

அவ்வடக்கம் தேவையற்றது அன்று என்பதற்கு அதே தென்மீன் கூட்டத்திலே மற்றொரு சான்றும் உண்டு. 2008 இல் பொமல்ஹோட் விண்மீனின் அருகே ஒரு கோளின் படத்தையே ஹபிள் தொலைநோக்கி எடுத்துவிட்டது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அதற்கு டகோன் என்று பெயரும் இட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்புள்ளி மங்கிப் பரந்தது. இரு சிறு பொருள்கள் மோதி எழுப்பிய தூசு மேகமே அது என 2020 இல் ஆய்வாளர் விளக்கினர். பெயர் நின்றது, கோள் நிற்கவில்லை.

அனைத்துலக வானியற் சங்கம் தனது நூற்றாண்டு நிறைவை முன்னிட்டு 2019 இல் ஒவ்வொரு நாட்டுக்கும் கோளோடு கூடிய ஒரு விண்மீனை ஒதுக்கி, மக்களின் கருத்தைக் கேட்டுப் பெயரிடுமாறு அழைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் ஈடுபட்டன. இந்தியா தன் விண்மீனுக்குப் பெண் விஞ்ஞானி பிபா சௌத்ரியின் நினைவாகப் பிபா என்று பெயரிட்டது. இலங்கை தேர்ந்தவை சாமய, சமகிய என்பன. அவ்வாண்டு டிசம்பரிலே இப்பெயர்கள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. சிங்களச் சொற்களாயினும் தமிழ்ச் செவிக்கு அவை அயலானவை அல்ல. சாம, தான, பேத, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களுள் முதலாவதன் பெயரிலும், சமாதானம், சமரசம் என்னும் சொற்களிலும் அவ்வொலியைத் தமிழரும் கேட்டு வந்துள்ளனர்.

அந்தப் பெயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட காலம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். அக்கோள் 2008 இல் கண்டறியப்பட்டபோது இலங்கையிலே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பத்தாண்டு கழிந்து, 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்னேஸ்வரத்துக்குத் தெற்கே, அதே கரையிலுள்ள நீர்கொழும்பின் தேவாலயமும் இரத்தத்தில் நனைந்தது. அடுத்த மாதம், மே 12 ஆந் திகதி, சிலாபம் நகரிலே முகநூலில் வந்த ஒரு பதிவை முகாந்தரமாகக் கொண்டு எழுந்த கூட்டம் பள்ளிவாசல்களையும் முஸ்லிம் மக்களின் கடைகளையும் தாக்கியது. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. திருவிழாக் காலத்திலே பல சமயத்தாரும் கூடும் கோயிலுக்கு மிக அண்மையிலுள்ள நகரம் அது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேதான், நாட்டின் பெயரால், சமாதானம் என்றும் ஒற்றுமை என்றும் இரு சொற்கள் வானத்திலே எழுதப்பட்டன.

இதனை முரண்பாடு என்று நகைப்பாரும் உளர். நகைத்தற்குரியது அன்று இது. இல்லாத ஒன்றுக்கே மக்கள் ஏங்குவர். ஏங்கியதன் பெயரையே பிள்ளைக்கும் இடுவர், விண்மீனுக்கும் இடுவர். ஆயினும் வானநூல் வரலாறு கற்பிக்கும் பாடத்தை மறத்தல் ஆகாது. அறிவித்தல் ஒன்று, மெய்ப்பித்தல் வேறொன்று. ஒபியூக்கஸின் கோள் அறிவிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை. டகோனும் அவ்வாறே. சமகிய என்னும் கோள் மெய்யாகவே உண்டு. அதனை அளந்தோர் நிறுவிவிட்டனர். சமகிய என்னும் சொல்லின் பொருளை நிறுவ வேண்டிய கடன் மட்டும், அப்பெயரை இட்டவர்களிடமே எஞ்சி நிற்கின்றது.

அக்கடனை நிறைவேற்றுதல் இயலாதது அன்று என்பதற்கு முன்னேஸ்வரத்தின் பழமையே சான்று. கோட்டை இராசதானியை ஆண்ட பௌத்த மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு இச்சிவாலயத்துக்கு மானியம் அளித்தான். அதனைக் கூறும் கல்வெட்டு வடமொழியிலே, கிரந்த எழுத்திலே அமைந்துள்ளது. 1578 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். மீண்டும் அது எழுந்து 1753 இல் குடமுழுக்குக் கண்டது கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலே. பௌத்தத்தைப் பேணிய அவ்வரசன் சிவனுக்கும் கோயில் எடுப்பித்தான். இடிக்கப்பட்டதை எழுப்பும் வழி இம்மண்ணுக்குப் புதிதன்று.

சாமய விண்மீனிலிருந்து இன்று இலங்கையை வந்தடையும் ஒளி, ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அப்பொழுது இலங்கையின் கரையோரப் பகுதிகள் பலவற்றை ஒல்லாந்தர் ஆண்டனர். முன்னேஸ்வரம் அக்குடமுழுக்கை இன்னும் காணவில்லை. அவ்வொளி வழியில் வந்துகொண்டிருந்தபோதே கோயில் எழுந்தது, ஆட்சிகள் மாறின, சென்னையில் ஒருவர் கோளைத் தேடித் தவறினார், சிலியிலே பிறர் தேடிக் கண்டனர். இன்றிரவு அங்கிருந்து புறப்படும் ஒளி, இன்னும் 300 ஆண்டு கழித்தே முன்னேஸ்வரத்து வானை அடையும். ஆவணித் திருவிழாவுக்கு வந்து, தெற்கு நோக்கி நின்று அதனைக் காணப்போகும் மக்கள், அவ்விண்மீனுக்கு இந்நாட்டார் இட்ட பெயர் பொருந்தியதா என்பதைத் தம் ஊரைக் கொண்டே அறிந்துகொள்வர்.